ஒன்பது நாள், இரண்டு தேசம், ஒரு நாற்பது பக்க நோட்டு

காரில் நெடும்பயணம் என்றால் நம் வீடுகளில் வேலை தானாகவே இரண்டாகப் பிரிந்துவிடும். எந்த ரோடு, எத்தனை கிலோ மீட்டர், எங்கே தங்குவது - இதெல்லாம் ஆண்கள் இலாகா. புளியோதரை, பிளாஸ்க், குழந்தைக்கு மாற்றுத் துணி, தலைவலித் தைலம் - இது நம் இலாகா. சென்ற 2024 ஜூனில் ஆஸ்திரியாவிலும் இத்தாலியிலுமாக நாங்கள் ஐந்து பேர் ஒன்பது நாள் காரில் போய் வந்தோம். அதற்குத் திட்டம் போட்டது கார் ஓட்டத் தெரியாத, ஜெர்மனிலும் இத்தாலியனிலும் ஒரு வார்த்தைகூடப் பேசத் தெரியாத நான்தான்! எப்படி அந்தப் பொறுப்பு என் கைக்கு வந்தது என்று சொன்னால், வயதானவர்களையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு எங்கே கிளம்புகிறவர்களுக்கும் உபயோகப்படும் என்று தோன்றுகிறது.

என் மகளும் மாப்பிள்ளையும் ஆஸ்திரியாவில் ஸால்ஸ்பர்க் நகரில் இருக்கிறார்கள். ஐந்து வயதில் ஒரு பேத்தி. "அப்பாவையும் கூட்டிக்கிட்டு ஜூன்ல வந்துடும்மா. ஆல்ப்ஸ் மலையைக் கார்லயே தாண்டி இத்தாலி போயிட்டு வரலாம்" என்று மகள் கூப்பிட்டாள். கூடவே ஒரு பட்டியலும் அனுப்பினாள். க்ரோஸ்க்ளாக்னர் மலைச்சாலை, கோர்தினா, வெனிஸ், வெரோனா, கார்தா ஏரி, ஸ்டெல்வியோ கணவாய், இன்ஸ்ப்ரூக். ஒன்பது நாளில் சுமார் 1,400 கிலோ மீட்டர். ஒவ்வொரு ராத்திரியும் ஒரு புது ஊர், ஒரு புதுக் கட்டில்!

இதில் ஒரு சங்கடம். என் கணவருக்கு 2023 நவம்பரில் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். பொதுப்பணித் துறையில் பாலங்கள் கட்டி, வெயிலிலும் மழையிலும் நின்றவர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு வாசலுக்குப் போகவே யோசிக்கிற மனுஷராகிவிட்டார். பட்டியலைப் பார்த்ததும், "நீ மட்டும் போயிட்டு வா. நான் இங்கேயே இருந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார்.

நெஞ்சுக்குப் பயப்படுகிறார் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். இரண்டு நாள் கழித்து, ராத்திரி விளக்கை அணைத்த பிறகு மெதுவாகக் கேட்டேன். இருட்டில்தான் பதில் வந்தது. "எனக்கு அந்த மாத்திரையால அடிக்கடி பாத்ரூம் போகணும். மலையில வண்டியை நிறுத்துங்கன்னு மாப்பிள்ளைகிட்ட எத்தனை தடவை கேக்கறது? அசிங்கமா இருக்காதா?"

இவ்வளவுதான் விஷயம்! கடல் தாண்டிப் போகப் பயமில்லை, மலை ஏறப் பயமில்லை. மாப்பிள்ளையிடம் 'கொஞ்சம் நிறுத்துங்க' என்று கேட்கத்தான் கூச்சம். (இதை எழுதலாமா என்று அவரிடமே கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுது, நாலு பேருக்குப் பிரயோஜனப்படட்டும்" என்றார்.)

மறுநாளே மளிகைக் கணக்கு எழுத வாங்கி வைத்திருந்த நாற்பது பக்க நோட்டை எடுத்தேன். மகளுக்குப் போன் செய்து, "பிளானை நான் போடறேன். நீ ரூம் மட்டும் புக் பண்ணு" என்றேன்.

முதல் பக்கம்: டாக்டர்

முதலில் அவருடைய இதய டாக்டரிடம் போனோம். பரிசோதனைகளைப் பார்த்துவிட்டு, "தாராளமா போகலாம்" என்றார். எவ்வளவு உயரம் ஏறுவீர்கள் என்று கேட்டார். க்ரோஸ்க்ளாக்னர் சாலையில் கார் போகக்கூடிய மிக உயரமான இடம் எடல்வைஸ்ஷ்பிட்ஸ என்ற முனை, 2,571 மீட்டர். "மார்ச்ல தொட்டபெட்டா போயிட்டு வந்தீங்களே, அது இதைவிட உசரமாச்சே!" என்று சிரித்தார். நிஜம்தான். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர். இவருக்கு அந்த ஒரு கணக்கே பாதி தைரியம் கொடுத்துவிட்டது. ஆனால் எல்லாருக்கும் இது பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவரவர் டாக்டரைக் கேட்டுக்கொண்டுதான் மலை ஏற வேண்டும்.

சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரையைப் பற்றியும் நானே கேட்டேன். "நிறுத்தவும் கூடாது, அதுக்குப் பயந்து தண்ணியைக் குறைக்கவும் கூடாது. சாப்பிட்ட முதல் இரண்டு மணி நேரம்தான் தொந்தரவு அதிகம். அதுக்கேத்த மாதிரி கிளம்புங்க" என்றார். உடனே எழுதினேன்: ஏழு மணிக்கு மாத்திரை, ஒன்பதரைக்குப் புறப்பாடு.

பயணத்தில் பாத்ரூம் கிடைக்காது என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பது நாம் பெண்களும் செய்கிற காரியம்தான். நீர்க்கடுப்பும் தலைவலியும் வரவழைத்துக்கொள்ள அதைவிடச் சுலபமான வழி கிடையாது. பல மணி நேரம் காலை மடக்கியே உட்கார்ந்திருந்தால் காலில் ரத்தம் உறைகிற ஆபத்தும் உண்டு. இதையெல்லாம் யோசித்து, நோட்டில் பெரிய எழுத்தில் ஒரு சட்டம் எழுதினேன். 'ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை வண்டி நிற்கும். யாருக்கு வேண்டுமோ வேண்டாமோ, நிற்கும். எல்லாரும் இறங்கிப் பத்து நிமிஷம் நடக்க வேண்டும்.' காரணம் கேட்டவர்களிடம், "பாப்பாவுக்கு வாந்தி வரும்" என்று சொல்லி வைத்தேன். அதுவும் பொய்யில்லை.

மருந்துகள் எல்லாம் அட்டைப் பெட்டியோடு, டாக்டர் சீட்டோடு. சீட்டில் மருந்தின் கம்பெனிப் பெயர் மட்டும் போதாது, உள்ளிருக்கும் மருந்தின் பெயரும் வேண்டும். நம் ஊர்க் கம்பெனிப் பெயரை அங்கே யாருக்கும் தெரியாது. முழு அளவில் இரண்டு செட். ஒன்று என் கைப்பையில், ஒன்று பெட்டியில். கோடையில் ஆஸ்திரிய நேரம் நமக்கு மூன்றரை மணி பின்னால். மாத்திரை வேளையை எப்படி மாற்றுவது என்பதையும் டாக்டரிடமே எழுதி வாங்கினேன். ஆஸ்திரியாவில் மருந்துக் கடைக்கு அடையாளம் சிவப்பு 'ஏ' எழுத்து. இத்தாலியில் பச்சைச் சிலுவை. இரண்டு தேசத்திலும் அவசரத்துக்கு 112.

ஷெங்கன் விசா ஒன்றே இரண்டு தேசத்துக்கும் போதும். அதற்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் வேண்டும். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது, ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு அது பொருந்துமா என்ற இடத்தை மட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படியுங்கள். எங்களுக்கு அதற்குத் தனியாகக் கொஞ்சம் பணம் கட்ட வேண்டியிருந்தது.

வெட்டும் வேலை

அடுத்தது மகளின் பட்டியல். வெனிஸ், வெரோனா, கார்தா, ஸ்டெல்வியோ - நான்கையும் அடித்தேன். போனில் அவள் குரல் கம்மிப் போயிற்று. "இவ்வளவு தூரம் வந்துட்டு வெனிஸ் பாக்கலைன்னா எப்படிம்மா?"

"பார்க்கலாம்டி, அடுத்த தடவை ரயில்ல போய். இந்தத் தடவை மலை மட்டும். கல்யாணத்துக்கு இருபத்திரண்டு பலகாரம் போட்டா எதுவும் நாக்குல நிக்காது" என்றேன்.

மீதி இருந்தது ஒரு வட்டம். ஸால்ஸ்பர்க்கில் தொடங்கி, ஆல்ப்ஸைத் தாண்டி, இத்தாலியின் டோலமைட் மலைகள் வழியாகப் போல்ஸானோ வந்து, ப்ரென்னர் கணவாய் வழியாகத் திரும்புவது. மொத்தமே சுமார் 700 கிலோ மீட்டர். ஒரு நாளும் 200 கிலோ மீட்டரைத் தாண்டாது. தினம் பெட்டி கட்டுகிற வேலையும் வேண்டாம் என்று டோபியாக்கோவில் இரண்டு ராத்திரி, போல்ஸானோவில் மூன்று ராத்திரி வைத்தேன். நடுவில் ஒரு நாளை ஒன்றுமே எழுதாமல் காலியாக விட்டேன். உடம்பு சரியில்லை என்றாலும், மழை பிடித்துக்கொண்டாலும் ஒரு நாள் கையிருப்பு வேண்டுமல்லவா?

மாசம் ஜூன் என்று முடிவு செய்ததற்கும் காரணம் உண்டு. க்ரோஸ்க்ளாக்னர் சாலை பனியால் மூடிக் கிடக்கும். வழக்கமாக மே ஆரம்பத்திலிருந்து நவம்பர் ஆரம்பம் வரைதான் திறப்பு. ஜூலை, ஆகஸ்ட்டில் பள்ளி விடுமுறைக் கூட்டம். ஜூன் கடைசியில் ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது, அவசரப்படவே வேண்டாம். ஒன்று மட்டும் கவனம். அங்கே கோடையில் பிற்பகலில் மலைமேல் இடி மழை வரும். ஆகையால் கணவாய்கள் எல்லாம் முற்பகலிலேயே. முதல் நாள் 85 கிலோ மீட்டர் மட்டும் போய் ஸெல் ஆம் ஸே என்ற ஏரிக்கரை ஊரில் தங்கியது அதற்குத்தான். மறுநாள் ஒன்பதரைக்குக் கிளம்பினாலும் மலையடிவாரம் பக்கத்திலேயே இருந்தது.

கார் சமாசாரங்களை மாப்பிள்ளை சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். ஆஸ்திரிய நெடுஞ்சாலையில் போக 'விக்னெட்' என்று முன்கூட்டியே கட்டணம் கட்டிவிட வேண்டும். க்ரோஸ்க்ளாக்னருக்கும் ப்ரென்னர் நெடுஞ்சாலைக்கும் அது செல்லாது, தனிக் கட்டணம். இத்தாலியில் நுழையும்போது சீட்டு வாங்கி வெளியேறும்போது பணம். ஆஸ்திரியாவில் பளிச்சென்ற மேல்சட்டை, எச்சரிக்கை முக்கோணம், முதலுதவிப் பெட்டி மூன்றும் காரில் இருந்தே ஆக வேண்டும். இத்தாலியப் பழைய நகரங்களில் நடுப்பகுதிக்குள் வெளியார் கார் நுழையக் கூடாது. காமிரா படம் எடுத்துவிடும், அபராதம் வீடு தேடி வரும். வாடகைக் கார் எடுக்கிறவர்கள் அடுத்த தேசத்துக்குக் கொண்டு போவதை முன்னாலேயே சொல்லி அனுமதி வாங்க வேண்டும்.

எனக்கு வேடிக்கையாக இருந்தது ஊர்ப் பெயர்கள்தான். நாங்கள் போன இத்தாலியப் பகுதி முதல் உலகப் போர் வரை ஆஸ்திரியாவோடு இருந்தது. 1919 உடன்படிக்கையில் இத்தாலிக்குப் போயிற்று. இன்றும் பெரும்பாலோர் பேசுவது ஜெர்மன். அதனால் ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு பெயர். போல்ஸானோதான் போஸன். டோபியாக்கோதான் டோப்லாக். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தேன். வழியில் கைகாட்டிப் பலகைகளைப் பார்த்து மாப்பிள்ளையே குழம்பியபோது, "ரெண்டும் ஒண்ணுதான் மாப்பிள்ளை" என்று பின் சீட்டிலிருந்து நான் சொன்ன சந்தோஷம் இருக்கிறதே!

சமையலறை உள்ள வீடு

"ஓட்டல் வேண்டாம், சமையலறையோடு சின்ன வீடாகப் பார்" என்று மகளிடம் சொல்லியிருந்தேன். உப்புக் குறைத்துச் சாப்பிட வேண்டியவருக்கு ஒன்பது நாளும் ஓட்டல் சாப்பாடு சரிப்படாது. இத்தாலியில் இன்னொரு விஷயம், மதியம் இரண்டரைக்கு மேல் பல ஓட்டல்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். மறுபடி ஏழு மணிக்குத்தான். மாத்திரைக்காரர்களுக்கு இது ஆகாது. ஆஸ்திரியாவில் ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடைகளே மூடல். சனிக்கிழமையே தயிரும் பாலும் காய்கறியும் வாங்கி வைத்துவிட வேண்டும்.

ஊரிலிருந்து பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ரசப் பொடி கொண்டு போனேன். நெய்யும் பால்கோவாவும் எடுத்து வைத்தவளை மகள் தடுத்துவிட்டாள். ஐரோப்பிய யூனியனுக்குள் வெளியிலிருந்து பால் பண்டங்களும் இறைச்சியும் கொண்டுபோக அனுமதி இல்லை. அங்கேயே வெண்ணெய் வாங்கி மகள் வீட்டில் உருக்கிக்கொண்டோம். சின்ன மின்சாரச் சாதக் குக்கர் மகளிடம் இருந்தது. தினமும் காலையில் தயிர் சாதம் பிசைந்து டப்பாவில் போட்டுக்கொண்டால் போதும், மதியத்தைப் பற்றிக் கவலையில்லை. பேத்திக்கு மலை நாளன்று மட்டும் இரண்டு இட்லிக்கு மேல் கிடையாது. படப் புத்தகம் பார்க்கக் கூடாது, தூரத்து மலையைத்தான் பார்க்க வேண்டும். வயிற்றைப் புரட்டாமல் இருக்க அதுவே பாதி மருந்து.

நோட்டும் நிஜமும்

க்ரோஸ்க்ளாக்னர் சாலை 48 கிலோ மீட்டர்தான். 1930-இல் தொடங்கி 1935-இல் திறந்தார்கள். ஃப்ரான்ஸ் வாலக் என்ற இன்ஜினீயர் வகுத்த பாதை. கொண்டை ஊசி வளைவுகள் 36. "கல்லட்டிக்கும் முப்பத்தாறுதானே!" என்று இவர் முன் சீட்டில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டே வந்தார். நம் கல்லட்டி ரோட்டைவிட அகலம், வளைவுக்கு வளைவு எண்ணும் உயரமும் எழுதிய பலகை. நான் நோட்டில் குறித்திருந்த இடங்களிலெல்லாம் வண்டி நின்றது. எல்லாரும் இறங்கினோம், எல்லாரும் போக வேண்டிய இடத்துக்குப் போனோம், பனிச் சுவரைத் தொட்டுப் பார்த்தோம். ஒருவரும் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. 3,798 மீட்டர் உயரமான க்ரோஸ்க்ளாக்னர் சிகரத்துக்கு எதிரே உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டோம். பக்கத்தில் பாஸ்டர்ஸ பனியாறு. ஆண்டுக்காண்டு அது உருகிச் சுருங்கிக்கொண்டே போகிறதாம். ஒரு காலத்தில் பனி எவ்வளவு மேலே நின்றது என்பதைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது.

இத்தாலி எல்லையில் கேட்டும் இல்லை, தடுப்பும் இல்லை. டோபியாக்கோவில் காலியாக விட்ட நாள், ஏரிக்கரையில் நடந்தும் தூங்கியும் போயிற்று. மறுநாள்தான் பெரிய நாள். கோர்தினா வழியாக ஃபல்ஸாரெகோ கணவாய், 2,239 மீட்டரில் போர்டோய் கணவாய் என்று 140 கிலோ மீட்டர். 1909-இல் போட்டு முடித்த சாலை. டோலமைட் மலைகள் ஒரு காலத்தில் கடலடியில் இருந்தவை. பவளப் பாறையும் கடல் வண்டலும் உயர்ந்து மலையானவை. 2009-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வெளுத்த அந்தப் பாறைகள் சாயங்காலம் ரோஜா நிறமாகச் சிவக்கின்றன. லாரின் என்ற ராஜா தன் ரோஜாத் தோட்டம் பகலிலும் தெரியக் கூடாது, இரவிலும் தெரியக் கூடாது என்று சபித்தானாம்; அந்தி வேளையைச் சொல்ல மறந்துவிட்டானாம்! நம் இரணியன் கதை ஞாபகம் வந்தது எனக்கு.

போல்ஸானோ அருங்காட்சியகத்தை நான் சேர்த்தது இவருக்காக. 1991-இல் மலைப் பனியில் கண்டெடுத்த 'ஊட்ஸி' என்ற மனிதரின் உடல் அங்கே இருக்கிறது. சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முந்தியவர். எந்தத் தேசத்துக்குச் சொந்தம் என்று அளந்து பார்த்ததில், எல்லையிலிருந்து நூறு மீட்டர்கூட இல்லை, இத்தாலிப் பக்கம் கிடந்தாராம். அவருடைய ரத்தக் குழாய்களில் கால்சியம் படிந்திருந்தது ஸ்கேனில் தெரிந்திருக்கிறது. இதய நோய்க்கான பரம்பரைக் கூறும் இருந்ததை 2012-இல் வெளியான மரபணு ஆராய்ச்சி சொல்கிறது. இவர் அந்தச் சின்ன ஜன்னல் வழியாக வெகு நேரம் பார்த்தார். "இந்த மனுஷன் பரோட்டா தின்னாரா, ஆபீஸ்ல டென்ஷன் பட்டாரா? இவருக்கும் இருந்திருக்கு பாரு" என்றார். "அதோடதான் மலையும் ஏறியிருக்கார்" என்றேன். பதில் சொல்லவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் அவராகவே என்னை நடக்கக் கூப்பிட்டார்.

திரும்பும் வழியில் ப்ரென்னர் தாண்டிப் பழைய ரோட்டில் இறங்கிக்கொண்டிருந்தோம். பள்ளத்தாக்கின் குறுக்கே ஐரோப்பா பாலம் தெரிந்தது. 1963-இல் திறந்தது, தரையிலிருந்து 190 மீட்டர் உயரம். நோட்டில் அந்த இடத்துக்கு நிறுத்தம் எழுதவில்லை. அரை மணி முன்னால்தான் நின்றுவிட்டு வந்திருந்தோம்.

"மாப்பிள்ளை, கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க" என்றது இவர் குரல்.

மகள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "என்னப்பா, என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணலைம்மா. அந்தத் தூணைப் பாக்கணும். எப்படித்தான் எழுப்பினாங்களோ!"

இறங்கி நின்று இருபது நிமிஷம் பார்த்தார். தூண், உத்தரம், எஃகு என்று பேத்திக்குப் பாடம் நடந்தது. மாப்பிள்ளையும் பக்கத்தில் நின்று கேள்வி மேல் கேள்வி கேட்டார். நான் காரிலிருந்தபடியே நோட்டை எடுத்து அந்த இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் இன்ஸ்ப்ரூக்கிலிருந்து ஸால்ஸ்பர்க். நேர் நெடுஞ்சாலை நடுவில் கொஞ்ச தூரம் ஜெர்மனிக்குள் புகுந்து போகிறது. 2015-இல் அங்கே தொடங்கிய எல்லைச் சோதனை நாங்கள் போனபோதும் இருந்தது. ஆகவே பாஸ்போர்ட்டைப் பெட்டியில் போட்டுப் பூட்டாமல் கைப்பையிலேயே வைத்திருங்கள்.

உங்கள் வீட்டிலும் யாராவது, "நீங்க போயிட்டு வாங்க, நான் வரல" என்று சொன்னால், உடனே டிக்கெட்டைக் குறைத்துவிடாதீர்கள். விளக்கை அணைத்த பிறகு ஒரு தடவை மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். கிடைக்கிற பதிலை முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டு, அதற்குப் பிறகு மேப்பைப் பிரியுங்கள்.